பத்தாயிரத்து ஏழு பேர்

நாணற்குடிக்கு ஒரு எண் வந்து குடியேறியது எந்த நாள் என்று கேட்டால் ஆளுக்கொரு நாள் சொல்வார்கள், சித்திரைத் திருவிழா அன்னதானத்தன்று என்பார் ஒருவர், இல்லையில்லை, அதற்கு முந்தின பங்குனியிலேயே அது வந்துவிட்டது, நமக்குத்தான் கண் தெரியவில்லை என்பார் இன்னொருவர், ஆனால் எவ்வளவோ பெரிய ஊரெல்லாம் இருக்க ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஊரைப் பார்த்து அது ஏன் உட்கார்ந்தது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வந்தது வந்துவிட்டது, அதைப் போய் என்னத்தைக் கேட்பது.

முதலில் அது தட்டுப்பட்டது கல்யாணச் சமையல்காரர் சிங்காரவேலுவுக்குத்தான். அம்மன் கோயில் திடலில் ஊர் மொத்தமும், கைப்பிள்ளை முதல் கண் தெரியாத கிழம் வரை, ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நாணற்குடியில் திருவிழா முடிந்ததாக அர்த்தம், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கும் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறவர்களுக்கும் அவரவர் பேரில் ஒரு இலை போட்டாக வேண்டும், கடைசி வரிசை மட்டும் குறையாக நின்றுவிடக் கூடாது, நின்றால் விளைச்சலும் குறையாக நிற்கும் என்று ஒரு பயம். அந்த வருஷம் சிங்காரவேலு ஐம்பது ஐம்பதாக இலை போட்டார், கடைசி வரிசையில் ஏழு பேர் திருதிருவென்று உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் எழுப்பி நாற்பது நாற்பதாகப் போட்டார், மறுபடியும் ஏழு பேர். முப்பது முப்பதாகப் போட்டார், பதினேழு பேர். யாரோ பேச்சைக் கேட்டுப் பதின்மூன்று பதின்மூன்றாகப் போட்டார், பத்துப் பேர். அதற்குள் சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்து, பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்து, பேரூராட்சித் தலைவர் பன்னீர் துண்டை உதறிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷமாகப் பந்தி போடுகிறேன், இப்படி ஒரு பொல்லாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு சிங்காரவேலு குறை வரிசையோடேயே பரிமாறினார்.

அதற்கப்புறம்தான் பிறப்பும் இறப்பும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. வடக்குத் தெரு பட்டம்மாள் கடைசி மூச்சை விட்ட அதே நேரத்தில் ரைஸ் மில் தெருவில் ஒரு குழந்தை வீரிட்டது, சரி, நடக்கிறதுதானே என்று விட்டார்கள். அடுத்து ஆசாரி வீட்டில் ஆண் பிள்ளை பிறந்த நொடியில் தையல்காரர் முத்தையன் ஊசியில் நூல் கோத்தபடியே சாய்ந்தார், இதுவும் நடக்கிறதுதான் என்றார்கள், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு ஒரு மாதம் முழுக்க ஊரில் பிறப்பே இல்லை, பார்த்தால் சாவும் இல்லை, பால் ஊற்றி, வெளியூருக்கெல்லாம் சொல்லி அனுப்பி, பந்தலுக்கு ஆள் பேசி வைத்த கிழவர்கள்கூடப் போகாமல் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தார்கள். பத்து மாதம் தாண்டிய ஒரு பெண்ணை வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஊர் எல்லையைத் தாண்டியதும் வலி நின்றுவிட்டது, திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டது, அந்தப் பிள்ளை பிறந்தபோது பந்தலுக்கு ஆள் பேசியிருந்த வீட்டில் ஒரு வழியாகப் பந்தல் போட்டார்கள்.

ஊர் எதற்கும் பழகிவிடும், நாணற்குடியும் பழகிவிட்டது. யாருடைய இடத்தில் யார் பிறந்தார்களோ அந்த இரண்டு வீடும் ஒருவருக்கொருவர் மாற்றுவீடு என்று ஒரு புது உறவு முளைத்தது, துக்க வீட்டுக்குப் பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து சோறு போகும், கருமாதி முடிந்ததும் துக்க வீட்டிலிருந்து பிள்ளைக்கு முதல் சட்டை வரும், செத்தவர் வெற்றிலை போடுகிறவராக இருந்தால் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள். படுத்துக் கிடக்கிற கிழவிகள் வருகிறவர்களிடம் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, மேலத் தெரு மருமகளுக்கு எத்தனை மாசம், இடுப்பு வலி வந்ததா என்று விசாரித்தார்கள். பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுக்கிறவர்கள் அதே முகூர்த்தத்தில் ஊருக்குள் ஒரு மருமகள் வருகிற வீடாகப் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டார்கள். வேலைக்கென்று திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்வருகிறவர்களை எண் ஒன்றும் செய்யவில்லை, எப்படியும் திரும்புகிற ஆட்கள்தானே. வீட்டைக் காலி செய்துகொண்டு ஒரேயடியாகக் கிளம்பிய போட்டோ ஸ்டுடியோக்காரரின் லாரிதான் எல்லையைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்பப் பஞ்சராகி, கடைசியில் அவரும் அலுத்துப்போய்ச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டார்.

ஊரில் எத்தனை பேர்தான் இருக்கிறோம், எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஆனி மாதத்தில் முடிவு செய்தார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொருவராக நுழைய வேண்டும், களத்தில் நெல் அளக்கிற உலகநாதன் தோளைத் தொட்டு எண்ண வேண்டும், அவர் வாய் ராசியான வாய். ஆனால் தலையை எண்ணினால் ஆயுசு குறையும் என்று யாரும் முதலில் போக மாட்டேன் என்றார்கள். சிங்காரவேலுவின் ஒரே மகள் அமிர்தகலா அப்போது மாசமாக இருந்தாள், பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் நிற்கக் கூடாது என்று அவளை முன்னால் தள்ளினார்கள், தள்ளிய பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சியை முதல் தலையாக எண்ணலாமா என்று பதறி, அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஹால்ட்டுக்காரனைப் பிடித்து இழுத்து அவளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த ஆள் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, ரயில் ஹால்ட்டில் மூடிக் கிடக்கிற டிக்கெட் அறையில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தான், கேட்ட வீட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்து ஊற்றுவான், கொடுத்ததைச் சாப்பிடுவான், பேச மாட்டான். களத்தில் முதல் மரக்கால் நெல் விழும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு என்று போகும். உலகநாதன் ஹால்ட்டுக்காரனின் தோளைத் தொட்டு லாபம் என்றார், முறைப்படி அடுத்தது ரெண்டு, ஆனால் இவன் நம் ஊர்க்காரன் இல்லையே என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், அமிர்தகலாவின் தோளைத் தொட்டு ஒண்ணு என்றார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, அமிர்தகலாவுக்கும் படவில்லை, வெயில் தாங்காமல் அவள் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள்.

பொழுது சாயும்போது படுக்கையில் கிடக்கிறவர்களையும் வெளியூர் வேலையில் இருக்கிறவர்களையும் சேர்த்துப் பத்தாயிரத்து ஏழு என்று வந்தது. அதைக் கேட்டதும் முகம் மாறியது ஜெபராணி டீச்சருக்கு மட்டும்தான். கணக்கு டீச்சர், கோபம் வந்தால் சாக்பீஸை உடைத்துவிட்டு அப்புறம் அந்தத் துண்டுகளைப் பார்த்து வருத்தப்படுகிறவர். இது பகா எண் என்றார். எந்தச் சம பங்காகவும் பிரியாது, பிரித்தால் ஒவ்வொருவராகப் பிரிக்கலாம், இல்லாவிட்டால் எல்லோரையும் ஒன்றாக விட்டுவிடலாம், நடுவில் வேறு வழியே கிடையாது என்றார். பன்னீர் நம்பவில்லை. டீச்சர் கரும்பலகையில் ரெண்டில் ஆரம்பித்து மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனார், ஒவ்வொன்றிலும் மீதி நின்றது, நூறு வரை போனால் போதும், எந்த ரெண்டு எண் சேர்ந்து பெருக்கி இதை உண்டாக்கியிருந்தாலும் அதில் ஒன்றாவது நூறுக்குள்தான் ஒளிந்திருக்க முடியும் என்று சொல்லி, தொண்ணூற்றேழில் வகுத்து மீதி பதினாறு என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டினார். கீழே இறங்குவதென்றால் முப்பத்து நாலு பேர் ஒரே நேரத்தில் போனால்தான் அடுத்த பகா எண் வரும், அது வேண்டவே வேண்டாம். மேலே ஏறுவதென்றால் ரெண்டே படி, பத்தாயிரத்து ஒன்பதும் பகா எண்தான், ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் அந்த ரெண்டு பேரும் ஒரே நொடியில் வந்தாக வேண்டும், எட்டில் நிற்க முடியாது, எட்டு உடைகிற எண். ஒன்பதை விட்டால் அப்புறம் இருபத்தெட்டு படி தள்ளித்தான் அடுத்தது.

திண்டாட்டம்தான், ஆனாலும் ஊருக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. பகா ஊர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சிங்காரவேலு மட்டும் டீச்சரிடம் தனியாகப் போய், இந்த மாதிரி எண்ணெல்லாம் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடுமா என்று கேட்டார். தீரவே தீராது, எவ்வளவு உயரம் போனாலும் அதற்கு மேலே ஒன்று இருக்கும் என்றார் டீச்சர். அப்ப சரி, நம்ம புள்ளைங்களுக்கு வேணும்ல என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

அவர் விழுந்தது ஆவணியில். ஒரு கல்யாண வீட்டில் பாயசக் குண்டாவை இறக்கும்போது இடது பக்கம் இழுத்துக்கொண்டது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஐப்பசியில் அமிர்தகலாவுக்குப் பத்து மாதம் நிறைந்தபோது அவருக்கு முன்னால் காத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள், மற்ற கர்ப்பிணிகளும் பெற்று முடித்திருந்தார்கள், அடுத்து வர வேண்டியது அவள் பிள்ளை, அடுத்துப் போக வேண்டியது அவள் அப்பா. ஊருக்கே தெரியும் இது. வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, யாரைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியாமல் நகர்ந்துவிடுவார்கள், ஒரே வீடு மாற்றுவீடாவது அதுவரை நடந்ததில்லை.

அவளுக்கு அம்மா முகம் தெரியாது. அவளை வளர்த்ததெல்லாம் அவர்தான், கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அரிசி மூட்டை மேல் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணி, கரண்டி பிடித்துக் காய்த்த கையால் சடை பின்னி, கோணலாகப் பின்னிவிட்டு நேராக இருக்கிறது என்று சாதித்து, அவள் வயதுக்கு வந்தபோது யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தெருவில் நின்று அழுதவர். அந்த மனுஷன் இல்லாமல் இந்தப் பிள்ளையை என்ன செய்வது, ஒவ்வொரு வருஷமும் பிறந்த நாளும் திதியும் ஒன்றாக வந்தால் அன்றைக்குப் பாயசம் வைப்பதா விரதம் இருப்பதா என்று நினைத்து நினைத்து, வலி வரும்போதெல்லாம் அமிர்தகலா பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை உள்ளேயே பிடித்து வைத்தாள். அவள் புருஷன் மதிவாணன், அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன், நல்ல பையன், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கமும் பேச முடியாமல் தவித்தான். பதினோராவது மாதமும் போயிற்று. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்படியே எவ்வளவு நாளைக்கு என்று நர்ஸம்மா தலையைப் பிடித்துக்கொண்டார்.

ரெண்டு படி ஏறிவிட்டால் யாரும் போக வேண்டாமே என்று டீச்சர்தான் வழி சொன்னார். பிள்ளையோடு சேர்த்து இன்னொரு ஆள் ஊருக்கு வர வேண்டும். வயிற்றில் இரட்டைப் பிள்ளையா என்றால் இல்லை, ஒன்றுதான். ஊரில் வேறு நிறைமாதக்காரி இல்லை. ஒரு மருமகளைக் கூட்டி வரலாம் என்றால் மார்கழி பிறந்துவிட்டது, மார்கழியில் எவன் தாலி கட்டுவான். வெளியூரில் இருந்து ஒரு குடும்பத்தைக் குடிவைக்கலாம் என்றால் மார்கழியில் வீடு மாற எவள் பாலைக் காய்ச்சுவாள். தை பிறக்கட்டும் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிங்காரவேலு அன்றிலிருந்து கஞ்சி குடிப்பதை நிறுத்தினார். வாயில் ஸ்பூனை வைத்தால் பல்லைத் திறக்க மாட்டார், ஊர் முழுக்க ஊட்டி வளர்த்த மனுஷன்.

"ஆயி," என்றார் மகளைப் பார்த்து, ஒரு பக்கம் கோணிய வாயால் மெதுவாக, "நான் எறங்குனாத்தான் அவன் ஏற முடியும். வழிய வுடு."

"நீ எங்கயும் எறங்க வேணாம்," என்றாள் அமிர்தகலா. "நீ பாக்கணும்ப்பா. நீ பாக்காத புள்ள எனக்கு எதுக்கு."

சொல்லக் கூடாத வார்த்தை, சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார், ஒரு கண்ணில் மட்டும்தான் தண்ணீர் வந்தது.

மறுநாள் காலையில் வந்த வலி வேறு வலி. அது அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. வெயில் ஏறி, தெருவில் பால்காரர் போய்விட்டிருந்தார், டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நுழைந்தவர் பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார், நர்ஸம்மா வெந்நீர் வைக்கச் சொன்னார், அடுத்த அறைக் கட்டிலில் சிங்காரவேலுவின் மூச்சு நீண்டு நீண்டு இழுத்தது. அமிர்தகலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாசலில் ஹால்ட்டுக்காரன் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் போலப் படிக்குக் கீழே ஒதுங்கி நின்றான். அவன் முதுகு அவளுக்குத் தெரிந்தது. இந்த முதுகை இவ்வளவு கிட்டத்தில் எங்கே பார்த்தோம் என்று அந்த வலியிலும் அவளுக்கு ஒரு யோசனை ஓடியது, பள்ளிக்கூட வாசல், ஆனி வெயில், அழுக்குச் சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கிழிசல், அதைப் பார்த்துக்கொண்டே நின்றது, உலகநாதனின் கை.

"டீச்சர், எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரு," என்றாள். "அவர எண்ணவே இல்ல."

டீச்சருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மதிவாணனை விரட்டினார், அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி உலகநாதனையும் பன்னீரையும் இழுத்து வந்தான், அவர்கள் பின்னாலேயே பாதி ஊர் வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் உலகநாதன் அப்படியே படியில் உட்கார்ந்தார். லாபம்னு சொல்லிப் போடுற நெல்லும் குவியல்லதானே கெடக்கு, அது மட்டும் நெல் இல்லாம போயிடுமா, நான் பாட்டுக்கு ஒரு மனுஷன வாயால சொல்லிட்டுக் கையால தள்ளியிருக்கேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். பன்னீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாததற்கு அவரிடம் காரணம் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தாள், மருமகளுக்கு அஞ்சு மாசம். மேலே ஏற இருக்கிறது இந்த ரெண்டே படி, அதை விட்டால் இருபத்தெட்டு பேர் ஒரே நொடியில் வர வேண்டும், அது எந்தக் காலத்தில் நடக்கிற காரியம், அந்த ரெண்டு படியை, தன் மருமகளின் பிரசவத்தன்றைக்கே ஊருக்குள் வேறொரு வீட்டுக்கு ஒரு புது மருமகளும் கால் வைக்கிற மாதிரி வைகாசியில் ஒரு முகூர்த்தம் பார்த்து, தன் அம்மாவுக்காக அவர் மனசுக்குள் எடுத்து வைத்திருந்தார். பேர் தெரியாத ஆளுக்காக அதைச் செலவு பண்ணணுமா என்று கேட்டார்.

அவருக்கும் அம்மா, இவளுக்கும் அப்பா, இதில் யார் என்ன சொல்வது. பன்னீர் உள்ளே எட்டி சிங்காரவேலுவைப் பார்த்தார், தன் கல்யாணத்துக்கும் தன் பிள்ளைகள் காதுகுத்துக்கும் சமைத்த மனுஷன், மூன்றாவது தடவை பாயசம் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் ஊற்றிய கை துணி மாதிரி கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எண்ணுங்க என்றார்.

உலகநாதன் எழுந்து ஹால்ட்டுக்காரனின் தோளைத் தொட்டார். தொட்டு, பத்தாயிரத்து எட்டு என்றார், சத்தமாக, ஊரே கேட்கும்படி.

ஒன்றும் நடக்கவில்லை. வலி நின்றுவிட்டது, அவ்வளவுதான். அமிர்தகலாவின் வயிறு கல்லாகிக் கிடந்தது, நர்ஸம்மா காதை வைத்துப் பார்த்து, பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று மெல்லச் சொன்னார், அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எட்டில் நிற்காது என்று சொன்னேனே, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வரணும் என்று டீச்சர் அழுகிற குரலில் கத்தினார். உலகநாதன் மறுபடி தொட்டார், மறுபடி சொன்னார், ஹால்ட்டுக்காரன் அவர் தொடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றான், யாரும் அவனை மேலே வா என்று சொல்லவில்லை, பேரென்ன என்று கேட்கவும் இல்லை, பத்தாயிரத்து எட்டு என்பது ஒரு ஆளின் பேரா என்ன.

அமிர்தகலா கண்ணைத் திறந்தாள். இத்தனை மாதமாகப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்த ஒன்று உண்டு, யாரையும் பலவந்தமாக வரவைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, கூப்பிடத்தான் முடியும். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, பிறக்கப்போகிற பிள்ளைக்கு மொட்டையடிக்க மடி கிடையாது, காது குத்த மடி கிடையாது, தாய்மாமன் இல்லாத பிள்ளை என்று சொந்தக்காரிகள் முன்பே உச்சுக்கொட்டியிருந்தார்கள்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். அவன் அசையவில்லை, இன்னொரு தடவை கூப்பிட்டாள். "மேல ஏறி வாங்கண்ணே. மாமன் வந்தாத்தான் வருவேன்னு ஒங்க மருமவப் புள்ள அடம்பிடிக்குது."

ஹால்ட்டுக்காரன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று. பின்னால் நின்ற பாதி ஊரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னீர் நகர்ந்து வழிவிட்டார். அவன் காலைத் தட்டிவிட்டு, அதில் ஒரு மண்ணும் இல்லை, இருந்தாலும் தட்டிவிட்டு, படியேறி, நடையைத் தாண்டி, பிரசவ அறையின் நிலைக்கு வந்து உள்ளே பார்க்காமல் கதவுக்கு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில், வடக்கே எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கத்து இழுவையோடு பேசினான்.

"வந்துட்டேன் தங்கச்சி. எம் பேரு சென்னப்பா."

பிள்ளை பிறந்தது. நல்ல சத்தமான பிள்ளை, பன்னிரண்டு மாதம் உள்ளேயே கிடந்த ஆத்திரமெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. வெளியே உலகநாதன், பத்தாயிரத்து ஒம்பது என்று சொல்லப் போனவர் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். மதிவாணன் மாமனார் கட்டிலுக்கு ஓடினான், எல்லோரும் ஓடினார்கள், மூக்கருகே கையை வைத்துப் பார்க்க எவருக்கும் தைரியம் வரவில்லை. சிங்காரவேலு ஒரு கண்ணைத் திறந்து, என்ன கூட்டம் என்பது போலப் பார்த்து, என்ன புள்ள என்று கேட்டார். பொட்டப் புள்ள என்றார்கள். நல்லது என்று சொல்லிவிட்டு, கஞ்சி இருக்கா என்றார். ஊருக்குள் அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்ட சத்தத்தில் ஹால்ட்டில் நின்ற பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் சிங்காரவேலு தையையும் மாசியையும் பங்குனியையும் சித்திரையையும் பேத்தியோடு கழித்தார். சித்திரை அன்னதானத்தில் வரிசைகள் இந்தத் தடவையும் சரிவரவில்லை, பகா எண்ணில்லையா, எப்படி வரும், கடைசி வரிசையில் மிஞ்சியவர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிட ஊரே போட்டி போட்டது. அந்தச் சமையல் முழுக்கச் சென்னப்பாதான், திடலுக்குத் தூக்கி வந்த கட்டிலில் சாய்ந்தபடி சிங்காரவேலு உப்பு உப்பு என்று கத்திக்கொண்டே இருந்தார், அவன் காதில் வாங்காமல் போட்டுக்கொண்டே இருந்தான். பேத்திக்கு அவன் மடியில்தான் மொட்டை போட்டார்கள். குழந்தை அவன் மீசையைப் பிடித்துத் தொங்கியது, அவன் வலியை வெளியே காட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

வைகாசியில் பன்னீரின் மருமகளுக்கு வலி எடுத்தது. பார்த்து வைத்த முகூர்த்தத்தைப் பன்னீர் விட்டுவிட்டார், ஒன்பதுக்கு மேலே இருபத்தெட்டு படியாயிற்றே, ஒரு மருமகள் வந்து என்ன ஆகப்போகிறது, படுக்கையில் கிடக்கிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விட மனசில்லை, மருமகளின் சத்தத்தைக் கேட்கவும் மனசில்லை. இந்த விஷயம் காதில் விழுந்ததும் சிங்காரவேலு மகளைக் கூப்பிட்டார், பேத்தியை மார்பில் படுக்கவைக்கச் சொன்னார், அது கொஞ்ச நேரம் அவர் மேல் கவிழ்ந்து கிடந்து எச்சில் வடித்தது. போதும் ஆயி, எனக்கு நெறைஞ்சிடுச்சு, அந்தப் புள்ள அங்க கஷ்டப்படுது பாரு என்றார். இந்தத் தடவை அமிர்தகலா தடுக்கவில்லை. அழுதாள், ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லை, தலையைத் தடவிக்கொடுத்து, சரிப்பா என்றாள். பன்னீர் வீட்டில் பிள்ளை அழுத சத்தம் ரெண்டு தெரு தாண்டி இங்கே கேட்டது. பன்னீரின் அம்மா கண்ணைத் திறந்து, யாரு போனா என்று கேட்டாளாம்.

பன்னீர் வீட்டிலிருந்து சோறு வந்தது, பன்னீரே தலையில் தூக்கி வந்தார். ஆற்றங்கரையில் சென்னப்பா தலையை மழித்து, ஈர வேட்டியோடு, தோளில் பானையை வைத்துக்கொண்டு சுற்றி வந்தான், ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. மாயவரத்திலிருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருத்தர், சிங்காரவேலுவோடு சின்ன வயதில் சமையல் வேலைக்குப் போனவர், இதை வெகுநேரம் பார்த்துவிட்டு, சிங்காரவேலுக்கு ஒத்தப் பொண்ணுதானே, கொள்ளி வைக்கிற இந்த ஆள் யாரு என்று பக்கத்தில் நின்ற பன்னீரிடம் கேட்டார்.

"ரெண்டு புள்ள அவருக்கு," என்றார் பன்னீர், அவர் பக்கம் திரும்பாமல். "இவன்தான் மூத்தவன்."